ரோடு பைக் ஹேண்டில்பார் உயரம்: ஸ்டீரரை வெட்டுவது கடைசி வேலை

ஃபிரேம் ஓரிடம், ஃபோர்க் ஓரிடம், குரூப்செட் (கியர், பிரேக் தொகுதி) இன்னோரிடம் என்று வாங்கிச் சேர்த்து வீட்டிலேயே ரோடு பைக் கட்டுகிற எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் புது ஃபோர்க்கின் ஸ்டீரர் ட்யூப், அதாவது ஃபிரேமுக்குள் நுழைந்து மேலே வரும் குழாய், 30 செ.மீ. நீளத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும். அதை எங்கே வெட்டுவது? பெரும்பாலானவர்கள் அன்றைக்கே ஒரு கோடு போட்டு, ஹாக்சாவை எடுத்து, வேலையை முடித்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு மாதம் கழித்து கழுத்து வலிக்கிறது, உள்ளங்கை மரத்துப்போகிறது என்று, ஹேண்டில்பாரை உயர்த்த ஸ்டீரரில் மாட்டும் வளையமான ஸ்பேசரைத் தேடுவார்கள். ஸ்பேசர் கிடைக்கும், அதைப் போட ஸ்டீரரில் இடம் இருக்காது.

இன்றைய ரோடு பைக்குகளில் ஸ்டீரரின் மேல் முனையில் மரை கிடையாது. வழுவழுப்பான குழாய், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் அதை வெளியிலிருந்து கவ்விக்கொள்கிறது. ஆகவே ஹேண்டில்பார் எவ்வளவு உயரம் போகலாம் என்பதற்கு மேல் எல்லை ஸ்டீரரின் நீளம்தான். இறக்குவது எப்போதும் முடியும், ஏற்றுவது வெட்டியதோடு சரி. அதனால் நான் சொல்லப்போகும் வரிசை இது: முதலில் சீட்டு, பிறகு காகிதத்தில் கணக்கு, பிறகு வெட்டாமல் மாட்டி ஓட்டிப் பார்ப்பது, எல்லாம் முடிந்த பிறகுதான் வெட்டு.

சீட்டை முடிக்காமல் முன்பக்கம் போகாதீர்கள்

ஹேண்டில்பார் உயரம் என்று நாம் பேசுவது உண்மையில் சீட்டோடு ஒப்பிட்ட உயரம். சீட்டு 1 செ.மீ. ஏறினால் ஹேண்டில்பார் 1 செ.மீ. இறங்கியதாகத்தான் முதுகுக்குத் தெரியும். சீட்டு உயரத்துக்குப் பல வழிகள் உண்டு, எளிதானது அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் காலத்திலிருந்து புழங்கும் கணக்கு: கால் உள்ளளவை 0.883 ஆல் பெருக்கினால் வருவது, பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகளின் அச்சு சுழலும் இடம்) நடுவிலிருந்து சீட்டு ட்யூப் வாக்கில் சீட்டின் மேல்பரப்பு வரையுள்ள தூரம். உள்ளளவு எடுக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து, வெறுங்காலோடு நின்று, ஒரு தடிமனான புத்தகத்தைக் கவட்டையில் நன்றாக மேலே அழுத்திப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். 815 மி.மீ. வந்தால் சீட்டு உயரம் 720 மி.மீ. இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஷூ, கிளீட் (ஷூவைப் பெடலில் பூட்டும் கட்டை), உங்கள் தொடையின் இறுக்கம் எல்லாம் சேர்ந்து சில மில்லிமீட்டர் மேலே கீழே தள்ளும்.

சீட்டின் முன் பின் இடமும் சாய்வும் இதே அளவுக்கு முக்கியம். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அந்த எடையை முழுக்கக் கைதான் தாங்கும். அந்த வலிக்கு ஹேண்டில்பாரை எவ்வளவு ஏற்றினாலும் தீர்வு கிடைக்காது. ரசமட்டத்தை சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்துப் பாருங்கள், முதலில் மட்டமாக வைத்துத் தொடங்குங்கள். சரி, சீட்டு முடிந்தது என்று வைத்துக்கொண்டு முன்னால் வருவோம்.

ஸ்டாக், ரீச்

ஃபிரேம் விற்கிற எல்லா நிறுவனங்களும் ஜியோமெட்ரி அட்டவணை போடுகின்றன. அதில் நமக்கு வேண்டியவை இரண்டு எண்கள். பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து ஹெட் ட்யூப்பின் (ஸ்டீரர் நுழையும் ஃபிரேம் குழாய்) மேல் விளிம்பு வரை செங்குத்தாக அளந்தால் ஸ்டாக், கிடையாக அளந்தால் ரீச். 54, 56 என்று ஃபிரேமில் ஒட்டியிருக்கும் சைஸ் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், இந்த இரண்டும் ஏமாற்றாது. ஸ்பெஷலைஸ்டு டார்மாக் எஸ்எல்7, 56 சைஸில் ஸ்டாக் 565, ரீச் 395. இது ரேஸ் வண்டி. நீண்ட தூரத்துக்கு என்று செய்யப்படும் எண்டியூரன்ஸ் ஃபிரேம்கள் இதே சைஸில் 590, 600 என்று ஸ்டாக் வைத்திருக்கும். அந்த மூன்று சென்டிமீட்டரை ஸ்பேசர் அடுக்கி எட்டுவதைவிட ஃபிரேம் வாங்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. இன்னும் ஃபிரேம் வாங்காதவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கலாம்.

அட்டவணையில் இல்லாத உயரமும் உண்டு. ஹெட் ட்யூப்புக்கு மேல் ஹெட்செட்டின் (ஸ்டீரர் சுழல உதவும் பேரிங் தொகுதி) மூடி உட்காரும். தட்டையான மூடியும் இருக்கிறது, 15 மி.மீ. உயரத்துக்குக் கூம்பாக எழும் மூடியும் இருக்கிறது. பேரிங் கப் வெளியே தெரியும் பழைய ஃபிரேம்களில் இது இன்னும் கூடும். இன்னொன்று, ஃபோர்க்கை மாற்றிக் கட்டுகிறீர்கள் என்றால் சக்கர அச்சு முதல் கிரவுன் (ஃபோர்க்கின் இரு கால்களும் சேரும் தலை) வரை உள்ள நீளத்தைப் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 10 மி.மீ. நீளமான ஃபோர்க் முன்பக்கத்தைக் கிட்டத்தட்ட அவ்வளவும் தூக்கிவிடும், ஹெட் ட்யூப் கோணத்தையும் அரை டிகிரி போலச் சாய்த்துவிடும், வண்டி திரும்புகிற விதமே மாறும்.

காகிதத்தில் ஒரு கணக்கு

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானிக்க வேண்டும், ஏனென்றால் ஹெட் ட்யூப் நேராக நிற்பதில்லை, ரோடு பைக்கில் ஏறக்குறைய 73 டிகிரியில் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அதனால் 10 மி.மீ. ஸ்பேசர் போட்டால் ஹேண்டில்பார் 9.6 மி.மீ. ஏறும், கூடவே 3 மி.மீ. உங்களை நோக்கி வரும். உயரத்தைத் தொட்டால் நீளமும் மாறும். இதை மறந்துவிட்டு உயரத்தை மட்டும் துரத்துகிறவர்கள் கடைசியில் ஸ்டெம் நீளத்தையும் மாற்ற வேண்டி வரும்.

மேலே சொன்ன 565/395 ஃபிரேமையே எடுப்போம். ஹெட்செட் மூடி 10 மி.மீ., ஸ்பேசர் 20 மி.மீ., ஸ்டீரரைக் கவ்வும் இடத்தில் ஸ்டெம் உயரம் 40 மி.மீ. என்றால் அதன் பாதி 20. ஆக ஸ்டீரர் வாக்கில் 50 மி.மீ. செங்குத்தாகப் பார்த்தால் 48. ஸ்டெம் 100 மி.மீ., மைனஸ் 6 டிகிரி. மைனஸ் என்றதும் கீழே இறங்கும் என்று நினைக்காதீர்கள். 73 டிகிரி ஹெட் ட்யூப்பில் மைனஸ் 17 டிகிரி ஸ்டெம்தான் தரைக்கு மட்டமாக நிற்கும், மைனஸ் 6 ஸ்டெம் 11 டிகிரி மேல்நோக்கியே போகும், 19 மி.மீ. ஏற்றம் கொடுக்கும். ஹேண்டில்பாரின் நடுப்பகுதி 31.8 மி.மீ. குழாய், அதில் பாதி 16. எல்லாம் கூட்டினால் 565 + 48 + 19 + 16 = 648. சீட்டு உயரம் 720 என்றோம், அது சாய்வாக அளந்தது. 73.5 டிகிரி சீட்டு ட்யூப்பில் செங்குத்து உயரம் 690. ஆக ஹேண்டில்பார் சீட்டைவிட 42 மி.மீ. கீழே.

இப்போது அதே ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாக மாட்டுங்கள், பிளஸ் 6 ஆகிவிடும். ஏற்றம் 19லிருந்து 39 ஆகும், வித்தியாசம் 42லிருந்து 22 ஆகக் குறையும், ஹேண்டில்பார் 6 மி.மீ. கிட்டே வரும். செலவில்லாமல் இரண்டு சென்டிமீட்டர்! மாறாக, மைனஸ் 6லேயே வைத்து ஸ்பேசர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வித்தியாசம் 61 மி.மீ. ஆகும், 6 மி.மீ. தள்ளியும் போகும். ஒரே ஃபிரேமில், ஒரே ஸ்டெம்மில், 22 முதல் 61 வரை விளையாட இடம் இருக்கிறது.

எந்த எண்ணை இலக்காக வைப்பது? நாள் முழுக்க ஓட்டுகிறவர், 200 கி.மீ. பிரெவேவை (நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம்) 13 மணி 30 நிமிடக் கெடுவுக்குள் நிம்மதியாக முடிக்க நினைப்பவர், அல்லது புதிதாக ரோடு பைக்குக்கு வருகிறவர் என்றால் சீட்டுக்குச் சமமாகவோ 3 செ.மீ. கீழேயோ தொடங்குங்கள். சில வருடம் ஓட்டிப் பழகிய, முதுகு வளைகிற ஆட்களுக்கு 4 முதல் 7 வரை. 10 செ.மீ.க்கு மேல் என்பது பந்தயக்காரர்கள் கணக்கு. அவர்களுடைய படத்தைப் பார்த்து ஸ்பேசர் ஒன்றுகூட இல்லாமல் ஸ்டெம்மை அடியோடு இறக்கி வைப்பது நம் ஊர் குரூப்களிலும் ஒரு மோகமாக இருக்கிறது. ஸ்டெம்மைத் தலைகீழாக மாட்டியிருப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களும் உண்டு. சிரிக்கட்டும், வலிக்கப்போவது அவர்கள் கழுத்தா என்ன?

வெட்டாமல் மாட்டுங்கள்

கணக்கில் வந்த உயரத்துக்கு ஸ்டெம்மை வைத்து, மிச்ச ஸ்டீரருக்கு மேலே ஸ்பேசர்களை அடுக்குங்கள். 30 செ.மீ. ஸ்டீரர் மேலே துருத்திக்கொண்டு பார்க்கச் சகிக்காது, இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள். ரொம்பவே நீளமாக இருந்தால், ஒருக்காலும் வேண்டியிருக்காத உயரத்தில் முதல் வெட்டு ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஸ்டெம்முக்குக் கீழே 40 மி.மீ. ஸ்பேசருக்கு இடம் வைத்து வெட்டினால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் போவதும் நல்லதல்ல. கார்பன் ஸ்டீரர்களுக்குக் கீழ் ஸ்பேசர் 30 அல்லது 40 மி.மீ.தான் என்று பல நிறுவனங்கள் எல்லை வைத்திருக்கின்றன, ஃபோர்க்கோடு வந்த தாளில் இருக்கும்.

ஸ்டீரர் அலுமினியமா கார்பனா என்பது இந்த இடத்தில் முக்கியம். அலுமினியத்திலும் ஸ்டீலிலும் உள்ளே ஸ்டார் நட் (உள்சுவரைப் பற்களால் கவ்வும் நட்டு) அடித்து இறக்கலாம், மேல் விளிம்பிலிருந்து 15 மி.மீ. ஆழத்துக்கு. ஆனால் மறுபடி வெட்டப்போகிறோம் என்பதால் இப்போதைக்கு அடிக்காமல் எக்ஸ்பாண்டர் பிளக் (குழாய்க்குள் விரிந்து பிடிக்கும் அடைப்பு) போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். கார்பனில் ஸ்டார் நட் கூடவே கூடாது, அதன் பற்கள் உள்சுவரைக் கீறிவிடும். கார்பனில் பிளக் போடுவது டாப் கேப் (ஸ்டீரரின் உச்சியில் வரும் மூடி) போல்ட்டுக்குப் பிடிமானம் தருவதற்காக மட்டுமல்ல, ஸ்டெம் கவ்வுகிற இடத்தில் குழாய் நசுங்காமல் உள்ளிருந்து தாங்குவதும் அதுதான். ஆகவே ஸ்டெம்மைக் கீழே இறக்கி மேலே நிறைய ஸ்பேசர் அடுக்கும்போது பிளக் ஸ்டெம்முக்கு நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பிளக் மேலே, ஸ்டெம் கீழே என்று இருந்தால் ஓட்டக் கூடாது.

இறுக்கும் வரிசை: ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகள் தளர்ந்திருக்க, முதலில் டாப் கேப் போல்ட். இது ஸ்டெம்மைப் பிடித்து வைப்பதற்கு இல்லை, ஹெட்செட் பேரிங்குகளுக்கு அழுத்தம் கொடுக்க மட்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, இன்னொரு கையின் விரல்களை ஹெட்செட் மூடியும் ஃபிரேமும் சேரும் இடுக்கில் வைத்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் விரல் நுனிக்கு லேசான ‘டக் டக்’ தெரியும். கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வந்து அந்த ஆட்டம் நின்ற இடத்தில் நிறுத்துங்கள். பிறகு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்தால் ஹேண்டில்பார் தானாக ஒரு பக்கம் சரிய வேண்டும். விறைப்பாக நின்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள். அதன் பிறகே ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக வைத்து, பக்க போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பொதுவாக 5 நியூட்டன் மீட்டர், ஸ்டெம்மிலேயே அச்சிட்டிருப்பார்கள், அதற்கு மேல் போகாதீர்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கார்பனைத் தொடுவது வேண்டாம். கார்பனுக்கு கிரீஸும் வேண்டாம், அதற்கென்று உள்ள பேஸ்ட் இருக்கிறது.

போல்ட்டின் மரையில் மட்டும் துளி கிரீஸ் வையுங்கள். சென்னை ஆட்களுக்கு இது கட்டாயம். ஈசிஆர் பக்கம் உப்புக் காற்று, போதாததற்கு மூக்கு நுனியிலிருந்து வியர்வை சரியாக அந்த டாப் கேப் மேல்தான் சொட்டும். ஆறு மாதத்தில் போல்ட் தலை துருவேறி ஆலன் கீ வழுக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து சீட்டின் மேல், தரையிலிருந்து ஹேண்டில்பாரின் மேல், இரண்டையும் கழித்தால் வித்தியாசம். வீட்டுக்குள் மட்டமான தரையில் அளக்க வேண்டும். மொட்டை மாடியில் வேண்டாம், மழைத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுக் கட்டியிருப்பார்கள்.

ஓட்டிப் பார்ப்பது

வீட்டு வாசலில் ஒரு சுற்று அடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். பத்து நிமிடத்துக்கு எந்த உயரமும் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு உடம்பு சொல்வதைக் கேளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும், அதுவும் 5 மி.மீ. ஸ்பேசர் கணக்கில். உயரத்தையும் சீட்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

கை எங்கே தங்குகிறது என்று கவனியுங்கள். ஹூட் (பிரேக் லீவரின் ரப்பர் உறை) மேல் பிடித்து முழங்கை லேசாக மடங்கியிருக்க ஓட்டுவதுதான் ரோடு பைக்கின் இயல்பு நிலை. உங்களை அறியாமல் கை திரும்பத் திரும்ப மேல் கம்பிக்கே போகிறது என்றால் ஹேண்டில்பார் தாழ்வாக இருக்கிறது, அல்லது தொலைவாக இருக்கிறது. எது என்று பிரிக்க ஒரு வழி: ஹூட்டில் பிடித்தபடி முழங்கை விறைத்து நீண்டே இருந்தால் தொலைவு என்று சந்தேகியுங்கள். முழங்கை மடங்கியும் கழுத்தின் பின்புறம் மட்டும் பிடித்துக்கொண்டால் தாழ்வு. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போவது உள்ளங்கையின் வெளிப்பக்கம் ஓடும் அல்நார் நரம்பு அழுந்துவதால். எடை கையில் அதிகம் விழுகிறது என்று அர்த்தம், உயரத்தைத் தொடுவதற்கு முன் சீட்டின் சாய்வை இன்னொரு முறை பாருங்கள். மரத்துப்போவது இறங்கிய பிறகும் போகவில்லை என்றால் வண்டியை விடுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

அதிக உயரமும் தொல்லைதான், இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் எதிர்காற்று நெஞ்சில் அறையும், எடை முழுக்க இடுப்பில் இறங்கும், மோசமான ரோட்டில் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும். மலை இறக்கத்தில் இன்னொரு விஷயம் சேரும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது முன்சக்கரத்தில் எடை இல்லாவிட்டால் வண்டி வளைவில் வெளியே போகப் பார்க்கும், அப்போது டிராப்பை (ஹேண்டில்பாரின் கீழ் வளைவு) பிடித்துக் குனிவதுதான் வழி. ஆகவே சோதனை ஓட்டத்தில் ஒரு பத்து நிமிடமாவது டிராப்பில் பிடித்து ஓட்டுங்கள். தொடை வயிற்றில் இடிக்காமல், தலையைத் தூக்கி ரோட்டைப் பார்க்க முடிந்து, பிரேக் லீவரும் விரலுக்கு எட்டினால் உயரம் சரி. டிராப்பையே தொட முடியாத அளவுக்குத் தாழ்வாக வைத்துவிட்டு எப்போதும் மேல் கம்பியிலேயே ஓட்டுவதற்கு ரோடு பைக் எதற்கு?

கேபிள் உள்ளே போகும் வண்டி என்றால்

பிரேக் ஹோஸ் ஹெட்செட் வழியாக உள்ளே போகிற புதிய ஃபிரேம்களில் மேலே சொன்ன சோதனை எல்லாம் இருமடங்கு வேலை. ஸ்பேசர் இரண்டு பாதியாகப் பிரிகிற வகை என்றால் ஹோஸைக் கழற்றாமல் எடுக்கலாம், போடலாம். முழு வளையம் என்றால் ஹோஸைக் கழற்றி, மறுபடி பிளீட் செய்ய (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டும். ஹேண்டில்பாரும் ஸ்டெம்மும் ஒரே துண்டாக வந்தால் தலைகீழாக மாட்டும் வித்தையும் கிடையாது. இந்த மாதிரி வண்டி கட்டுகிறவர்களுக்கு என் யோசனை: வெளியே கேபிள் ஓடுகிற உங்கள் பழைய வண்டியில் உயரத்தையும் நீளத்தையும் முடிவு செய்துவிட்டு, அந்த எண்களைப் புது ஃபிரேமில் கணக்குப் போட்டு எட்டுங்கள். ஹோஸை வெட்டும்போது, ஹேண்டில்பாரை உச்ச உயரத்தில் வைத்து, இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, அதற்குப் போதுமான நீளம் விட்டு வெட்டுங்கள்.

பழைய ஸ்டீல் ஃபிரேமை எடுத்துக் கட்டுகிறவர்களுக்கு நேர்மாறான அதிர்ஷ்டம். அதில் இருப்பது குவில் ஸ்டெம், நம் ஊர்க் கறுப்பு சைக்கிளில் இருக்கிற அதே வகை. மேல் போல்ட்டைச் சில சுற்றுத் தளர்த்தி, அதன் தலையில் மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே ஆப்பு விடுபடும், ஏற்றலாம், இறக்கலாம். ஸ்டெம்மில் பொறித்திருக்கும் குறைந்தபட்ச ஆழக் கோடு வெளியே தெரியக் கூடாது, அவ்வளவுதான். ஸ்டெம்மின் தண்டில் கிரீஸ் பூசி மாட்டுங்கள், இல்லாவிட்டால் அலுமினியமும் ஸ்டீலும் ஒட்டிக்கொண்டு அசையாது.

வெட்டு

உயரம் முடிவானதும் உடனே வெட்டாமல், அதே உயரத்தில் இன்னும் சில நாள் ஓட்டுங்கள். மாறவில்லை என்றால் குறி போடலாம். வண்டி முழுக்க மாட்டி, ஹெட்செட் சரியாக இறுகிய நிலையில், ஸ்டெம்மின் மேல் விளிம்பை ஒட்டி ஸ்டீரரைச் சுற்றி மெல்லிய மார்க்கரால் கோடு. ஸ்டெம்முக்கு மேல் ஒரு 5 மி.மீ. ஸ்பேசர் வைப்பதை நான் எப்போதும் சிபாரிசு செய்வேன். ஸ்டெம் முழுக்க ஸ்டீரரைக் கவ்வும், பின்னால் கொஞ்சம் ஏற்றவும் இடம் இருக்கும், விற்கும்போது வாங்குகிறவரும் சந்தோஷப்படுவார். ஸ்டீரரின் முனை, மேலே உள்ள ஸ்பேசரின் விளிம்பைவிட 3 மி.மீ. தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டாப் கேப் ஸ்டீரரிலேயே முட்டி நின்று பேரிங்குக்கு அழுத்தமே போகாது. ஆகவே 5 மி.மீ. ஸ்பேசர் என்றால் வெட்டும் கோடு, போட்ட குறிக்கு 2 மி.மீ. மேலே. குறியிலேயே வெட்டிவிடாதீர்கள்.

ஃபோர்க்கைக் கழற்றி, ஸ்டீரரைத் துணி சுற்றி மெதுவாக வைஸில் பிடிக்கவும். நேராக வெட்ட சா கைடு என்று ஒரு கருவி உண்டு. இல்லாதவர்கள் பழைய ஸ்டெம் ஒன்றைக் கோட்டுக்குக் கீழே மாட்டி அதன் விளிம்பை வழிகாட்டியாக வைக்கலாம், ஸ்டெம்மில் கீறல் விழும், பரவாயில்லை. பிளேடு அங்குலத்துக்கு 32 பல் உள்ளது. கார்பன் என்றால் கோட்டின் மேல் டேப் சுற்றி, தண்ணீர் தெளித்துக்கொண்டே, மாஸ்க் போட்டு வெட்டுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டு போனால் கடைசியில் நார் பிய்த்துக்கொண்டு வரும். முக்கால்வாசி ஆனதும் ஃபோர்க்கைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து முடியுங்கள். பிசிரை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள், அலுமினியத்துக்கு அரம், உள் விளிம்பிலும் ஒரு சுற்று. அப்புறம் அலுமினியம் என்றால் ஸ்டார் நட்டை இறக்கி, மேலே சொன்ன அதே வரிசையில் மறுபடி மாட்டுங்கள்.

முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள், ஹெட்செட் ஆட்டத்தையும் பாருங்கள், புது ஹெட்செட் கொஞ்சம் படிந்து தளர்வது வழக்கம். ஹேண்டில்பார் டேப் இன்னும் சுற்றவில்லை அல்லவா? நல்லது. ஹூட் சில மில்லிமீட்டர் மேலே போனாலே மணிக்கட்டுக்குப் பெரிய வித்தியாசம் தெரியும். லீவரின் பட்டையைத் தளர்த்தி அதை நகர்த்திப் பார்த்து, மணிக்கட்டு மடங்காமல் முன்கையோடு நேர்கோட்டில் வருகிற இடத்தில் இறுக்கிவிட்டு, டேப்பை அதற்குப் பிறகு சுற்றுங்கள்.